பல்லக்கில் போகும் குண்டு

‘ரைபிள் குண்டுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டினால் வேகம் இரட்டிப்பாகும் என்று ஒரு காணொளியில் சொல்கிறார்களே, உண்மையா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரட்டிப்பாகாது. ஆனால் அந்த உறைக்குள் இருக்கும் இயற்பியல், விளம்பரத்தைவிடப் பல மடங்கு சுவையானது.

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் மான் வேட்டைக்கு நெடுந்தூரம் பாயும் ரைபிள்களை அனுமதிப்பதில்லை. 2014-இல், கழுத்துக் குறுகாத நேரான தோட்டாக்களைச் சுடும் ரைபிள்களுக்கு மட்டும் வழிவிட்டார்கள். .44 மேக்னம், .45 கோல்ட் போன்ற பெரிய கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் இந்த வகையில் வரும். இவற்றின் குண்டு பருமன், குட்டை. தூரம் போகப் போகச் சட்டென்று தாழ்ந்துவிடும். பருத்த குழலுக்குள் மெல்லிய குண்டொன்றை உறைபோட்டுச் செலுத்தினால் என்ன என்ற ஆசை இங்கேதான் எழுகிறது. அந்த உறைக்கு ‘சபோ’ என்று பெயர்.

வெடிமருந்தின் வாயு தள்ளும் விசை, குழலின் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. .44 குழலின் விட்டம் 10.9 மில்லிமீட்டர். 9 மில்லிமீட்டர் குழலோடு ஒப்பிட்டால் பரப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அழுத்தம் அதேதான் என்றால், 9 மில்லிமீட்டர்க் குண்டுக்குச் சொந்தக் குழலில் கிடைப்பதைவிட ஒன்றரை மடங்கு தள்ளல் இங்கே கிடைக்கும். வெளியே வந்ததும் உறை கழன்றுவிடும். காற்றை எதிர்ப்பது மெல்லிய குண்டு மட்டும். தள்ளும்போது பருமன், பறக்கும்போது மெலிவு! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுக்காத யோசனை இது.

உறையைப் பல்லக்குத் தூக்கிகளாக நினைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையை மண்டப வாசல்வரை கொண்டுபோய் இறக்கிவிட்டு அவர்கள் விலக வேண்டும். நால்வரும் ஒரே நொடியில் விலகினால் மாப்பிள்ளை நேராக நடந்து உள்ளே போவார். ஒருவர் அரை நொடி தாமதித்தாலும் பல்லக்குச் சாயும். மாப்பிள்ளை பந்தல்காலை நோக்கிப் போவார். சபோவின் இதழ்கள் குழல்முனையைத் தாண்டியதும் காற்று மோதி விரிகின்றன. ஓர் இதழ் பிந்தினால் குண்டு திசை மாறும். இன்னொன்று, தூக்கிகளும் நடந்தே வருகிறார்கள். அவர்களுக்கும் சோறு போட வேண்டும். மருந்தின் ஆற்றலில் ஒரு பங்கை உறை தின்றுவிட்டு, வாசலோடு நின்றுவிடுகிறது. இவற்றோடு, மாப்பிள்ளை பல்லக்கில் இருக்கும்போதே பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் பெரிய சிக்கல்.

சுழலாத குண்டு தலைகுப்புறப் புரளும். அதைத் தடுக்கவே குழலுக்குள் மரை வெட்டியிருக்கிறது. எவ்வளவு சுழற்சி வேண்டும் என்பதற்கு 1879-இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜார்ஜ் கிரீன்ஹில் ஓர் எளிய கணக்குத் தந்தார்: விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். எத்தனை தூரத்துக்குள் ஒரு முழுச் சுற்று முடிய வேண்டும் என்பது கிடைத்துவிடும். 9 மில்லிமீட்டர் விட்டமும் 15 மில்லிமீட்டர் நீளமும் உள்ள குண்டுக்கு விடை 81 சென்டிமீட்டர். ஆனால் .44 மேக்னத்துக்கான பழைய மார்லின் 1894 ரைபிள்களின் மரை 96 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்றுதான் தருகிறது. அது குட்டைப் பருமன் குண்டுக்காக வெட்டிய மரை. குண்டை இன்னும் மெலிய வைத்தால், அல்லது நீட்டினால், பற்றாக்குறை பெரிதாகும். உறை எவ்வளவு நேர்த்தியாகக் கழன்றாலும் குழல் கொடுக்காத சுழற்சியை அது கொடுக்க முடியாது.

வேகம் பற்றிய பெருமையைச் சோதிக்க நல்ல சான்று ஒன்று உண்டு. 1977-இல் ரெமிங்டன் நிறுவனம் ‘ஆக்சிலரேட்டர்’ என்ற தோட்டாவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. .30-06 தோட்டாவுக்குள், உறைபோட்ட .22 அளவுக் குண்டு, எடை 3.6 கிராம். அதே தோட்டாவின் வழக்கமான 9.7 கிராம் குண்டு நொடிக்கு 890 மீட்டர் போகும். இது 1,240 மீட்டர் போனது. எடை மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது, வேகமோ 1.4 மடங்குதான் ஆனது. ஆற்றல் அப்படியே மிஞ்சியிருந்தால் 1.65 மடங்கு ஆகியிருக்க வேண்டும். குண்டின் ஆற்றல் சுமார் 3,800 ஜூலிலிருந்து 2,800 ஜூலுக்கு இறங்கியிருக்கிறது. உறை தின்றது ஒரு பங்கு. எடை குறைந்த குண்டு முந்தி ஓடிவிடுவதால் பின்னால் இடம் பெருகி, அழுத்தம் வேகமாக விழுந்தது இன்னொரு பங்கு. அந்த ரைபிளின் மரையோ 25 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று. குண்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,90,000 முறை சுழன்றது. சுழற்சிக்குக் குறைவில்லாத அந்தத் தோட்டாவும் குறி துல்லியத்தில் பேர் வாங்கவில்லை. பிறகு தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள்.

சபோவின் வரலாறு பீரங்கிகளுடையது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் படை 1944-இல் உறை கழலும் டாங்கி எதிர்ப்புக் குண்டைக் களமிறக்கியது. 1966-இல் பீரங்கிப் பொறியாளர் ஜெரால்டு புல்லின் குழு, அரிசோனாவின் யூமாவில் 16 அங்குலக் கடற்படைப் பீரங்கியிலிருந்து உறைபோட்ட எறிகணையை 180 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பியது.

இன்றைய டாங்கிகள் இந்த யோசனையின் முழுப் பலனையும் எடுத்துக்கொள்கின்றன. உள்ளே இருப்பது நீண்ட, கனமான உலோக ஈட்டி; அதை நேராக வைப்பது வால் சிறகுகள், சுழற்சி அல்ல. முகப்பு சிறிது, பின்னால் எடை அதிகம் என்பதால் அதன் வேகம் எளிதில் குறைவதில்லை. .44 ரைபிளில் நடப்பது இதற்கு நேர்மாறு. 15.5 கிராம் குண்டை எடுத்துவிட்டு 8 கிராம் குண்டை வைத்தால், முகப்புப் பரப்புக்கு இத்தனை எடை என்ற விகிதமே குறைகிறது. புறப்படும்போது வேகம் கூடும். அதைக் காற்று சீக்கிரமே பறித்துக்கொள்ளும்.

சபோவைக் குறைசொல்ல வேண்டியதில்லை. குழல்வாய் வழியே வெடிமருந்து நிரப்பும் இன்றைய .50 துப்பாக்கிகளில், 71 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்றுத் தரும் மரையோடு, .45 கைத்துப்பாக்கிக் குண்டை உறைபோட்டுச் சுடுகிறார்கள். கிரீன்ஹில் கணக்குக்கு அந்தக் குழல் தாராளமாகப் பொருந்துகிறது, குறியும் நன்றாகவே விழுகிறது. கைத்துப்பாக்கித் தோட்டா ரைபிள்காரர் முதலில் தம் குழலின் மரையை அளக்கட்டும். அது 96 சென்டிமீட்டர் என்று வந்தால், உறைக்குச் செலவழிக்கும் பணம் வீண்.