விளம்பரத்துக்கு ஒரு பூட்டு

டிரெயினிங் போகும் மில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலை இறக்கப் பார்த்தால், நாலு 'டவுன்லோடு' பட்டன் மின்னும். அசல் ஒன்றுதான், மீதி விளம்பரம். தப்பானதை அமுக்கி வைரஸ் வந்தால் மாட்டுவது டிரெயினிங் பையன்தான்! வீட்டிலும் கேட்க ஆளில்லை. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

பெரும்பாலான விளம்பரங்கள் அந்தப் பக்கத்திலேயே இருப்பதில்லை. பிரவுசர்தான் வேறு சர்வரிடம் போய் வாங்கி வருகிறது. அந்த சர்வர் பெயரை எழுதி 'அங்கே போகாதே' என்றால் தீர்ந்தது. விண்டோஸில் 'ஹோஸ்ட்ஸ்' ஃபைலில் எழுதலாம். ஆனால் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு வேணும். அது நம்ம திண்டுக்கல் பூட்டு மாதிரி, சாவி இல்லாமல் அசையாது!

பிரவுசருக்குள் சேர்க்கும் எக்ஸ்டென்ஷனுக்குப் பெரும்பாலும் அந்தச் சாவி வேண்டாம். நம் யூசர் கணக்குக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். ரேமண்ட் ஹில் 2014-ல் வெளியிட்ட 'யுபிளாக்' வழியில் வந்த 'யுபிளாக் ஆரிஜின்' இலவசம். ஃபயர்பாக்ஸில் முழுசாக ஓடும். குரோமில் இப்போது 'லைட்'தான். சோஹோ 2023-ல் விட்ட 'உலா' பிரவுசரில் தடுப்பு கூடவே வருகிறது, பெயரும் தமிழ்!

எக்ஸ்டென்ஷனையும் ஆபீஸ் பூட்டியிருந்தால் குறுக்கு வழி வேண்டாம். போலி விளம்பரங்களுக்குப் பயந்து அமெரிக்க எஃப்.பி.ஐ.யே 2022 டிசம்பரில் தடுப்பு போடச் சொன்னதைக் காட்டி, சிஸ்டம் பார்க்கிற சாரிடமே போடச் சொல்லிக் கேளுங்கள்.