ஒவ்வொரு காலையும் 2009

வண்ணார்பேட்டையில் எனக்குப் பழக்கமான ஜெராக்ஸ் கடை ஒன்று உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்தபோது, கடை மாடியில் இருந்ததால் கம்ப்யூட்டர் நனையாமல் தப்பியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிய நேரம் அது. கரண்ட் வர நாள்கணக்கானது. வந்ததும் மெஷின் ஓடத்தான் செய்தது. ஆனால் அன்றிலிருந்து ஒரு புதுத் தொல்லை.

"அண்ணாச்சி, ராத்திரி நல்லாத்தான் மூடிட்டுப் போறேன். காலைல தொறந்தா எல்லாத்தையும் மறந்துட்டு நிக்கு. எந்த வெப்சைட்டும் உள்ள விடமாட்டேங்கு. பாஸ்வேர்டு திரும்பத் திரும்பக் கேக்கு. ஃபார்மட் போட்டாத்தான் சரியாவும்னு சொல்லுதாவ."

திரையின் வலது மூலையைப் பார்த்தேன். தேதி 2009 ஜனவரி 1.

கம்ப்யூட்டரின் மதர்போர்டில் காசு வடிவத்தில் ஒரு பேட்டரி உட்கார்ந்திருக்கும். பெயர் சிஆர் 2032. அளவு பெயரிலேயே இருக்கிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். தருவது 3 வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓடவைப்பது அதன் வேலை. அந்தக் கடிகாரத்துக்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. பதினைந்து இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வருகிற எண் அது. பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒரு நொடி கிடைக்கும். பழைய மெஷின்களில் பயாஸ் செட்டிங்குகளும் இந்தப் பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன.

சுவரில் ஸ்விட்ச் போட்டிருக்கும் வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் மெல்லிய மின்னோட்டம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பேட்டரிக்கு அநேகமாக வேலை இல்லை. மெயினையே அணைத்துவிட்டால் பாரம் முழுதும் பேட்டரி தலையில். இடி மின்னலுக்குப் பயந்து நம் கடைக்காரர்கள் இரவில் மெயினை அணைப்பது நல்ல பழக்கம்தான். பேட்டரி மட்டும் சீக்கிரம் கிழடாகும். வண்ணார்பேட்டைக் கடையில் பல வருடத்துப் பேட்டரி. வெள்ள நாட்களின் நீண்ட இருட்டு அதன் கடைசி உயிரையும் உறிஞ்சிவிட்டது.

தேதி தப்பானால் லாகின் ஏன் கெடவேண்டும்? பாதுகாப்பான ஒவ்வொரு இணையதளமும் தன் அடையாளத்துக்கு ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். 2009-இல் நிற்கும் கம்ப்யூட்டருக்கு 2023-இன் சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை. பிரவுசர் கதவை அடைத்துவிடுகிறது. சர்வரோடு பேச முடியாமல் போன சில மெயில் புரோகிராம்கள் திரும்பவும் பாஸ்வேர்டு கேட்கும். பாவம், மனிதர்கள் தாங்கள்தான் பாஸ்வேர்டை மறந்துவிட்டோம் என்று நினைத்து அதை மாற்றப் போகிறார்கள்.

எல்லா மறதிக்கும் பேட்டரியைக் குற்றம் சொல்ல முடியாது. நாம் மாற்றுகிற செட்டிங் முதலில் தற்காலிக நினைவகத்தில்தான் நிற்கிறது. டிஸ்கில் எழுதி முடிப்பதற்குள் கரண்ட் போனால் எழுத்தும் போகும். இதில் லினக்ஸ் உலகம் 2009-இல் பட்ட பாடு பெரிது. இஎக்ஸ்டி4 என்ற புதிய கோப்பு முறையைப் போட்டவர்கள், மெஷின் திடீரென்று நின்று மீண்டும் எழுந்தபோது தங்கள் செட்டிங் கோப்புகள் பூஜ்ய அளவில் கிடப்பதைக் கண்டார்கள். வேகத்துக்காக அந்த முறை டிஸ்கில் எழுதுவதைச் சற்றுத் தள்ளிப்போடும். புரோகிராம்களோ, பழைய பேரேட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுசு எழுத உட்காரும் கணக்குப்பிள்ளை மாதிரி, பழைய கோப்பைக் காலி செய்துவிட்டு அதன் மேலேயே எழுதின. நடுவே மெஷின் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. புதுக் கோப்பில் எழுது, அது டிஸ்கில் இறங்கியதை உறுதிசெய், அப்புறம் பழைய பெயரைச் சூட்டு என்றார் அதைப் பராமரித்த தியடோர் சோ. அதோடு நிற்காமல், அப்படி எழுதாத புரோகிராம்களும் பிழைக்கும்படி கெர்னலையும் திருத்தினார். அந்தப் பெருந்தன்மை எனக்கு மிகவும் பிடித்தது. கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் யுபிஎஸ் வாங்கச் சொல்வதற்கும் இதுவே காரணம்: புரோகிராமை முறையாக மூட ஐந்து நிமிடம் கிடைக்கும்.

இணைய லாகின் வேறு ரகம். 1994-இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுலி உருவாக்கிய குக்கீ, கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வாங்கும் டோக்கன் போன்றது. டோக்கன் தொலைந்தால், செருப்பு உள்ளேயே இருந்தாலும் உங்களுடையது எது என்று செருப்புக் காப்பவருக்குத் தெரியாது. 'மூடும்போது அழி' என்ற செட்டிங்கும், குப்பை அள்ளும் கிளீனர் புரோகிராம்களும் இந்த டோக்கன்களைத்தான் கூட்டித் தள்ளுகின்றன. நூறு பேருடைய ஆதாரும் வங்கிக் கணக்கும் கடந்துபோகும் இ-சேவை மையத்து மெஷின் இப்படி மறந்தே ஆகவேண்டும். அங்கே அந்தச் செட்டிங்கை மாற்றாதீர்கள்.

விண்டோஸில் இன்னொன்று: பயனர் புரொஃபைல் கெட்டுப்போனால் அது தற்காலிகப் புரொஃபைல் ஒன்றில் நம்மை உட்காரவைக்கும். அன்று செய்த மாற்றமெல்லாம் வெளியேறும்போதே அழியும். டிஸ்க் நிரம்பினாலும், கோப்பில் எழுத அனுமதி இல்லாவிட்டாலும் இதே கதை.

எது என்று கண்டுபிடிக்கச் சின்னதாக ஒன்றை மாற்றுங்கள், எழுத்தின் அளவை என்று வையுங்கள். புரோகிராமை மூடித் திறந்ததுமே மறந்தால் எழுதும் இடத்தில் கோளாறு. ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் மறந்தால் புரொஃபைலையோ கிளீனரையோ சந்தேகியுங்கள். மெயினை அணைத்துப் போட்டபின் மட்டும் என்றால் முதலில் தேதியைப் பாருங்கள்.

கடையில் புதுப் பேட்டரி போட்டோம். மெயினை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து போட்டபோது தேதி சரியாக இருந்தது. ஃபார்மட் போட்டிருந்தால் என்ன போயிருக்கும் என்று அப்போதுதான் அவர் திறந்து காட்டினார். பத்திரமாக வைக்கச் சொல்லி வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்த பட்டா, டிசி, மார்க் ஷீட் ஸ்கேன்கள், வேறெங்கும் நகல் இல்லாமல், ஒரே டிரைவில். மறுநாள் ஆற்றோரத் தெருவிலிருந்து ஓர் அம்மா வந்தார். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், மகனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் பீரோவோடு ஊறிப் போய்விட்டது. "இங்கே ஸ்கேன் எடுத்த ஞாபகம் இருக்குய்யா" என்றார். கடைக்காரர் பெயரைத் தட்டித் தேடினார். இருந்தது.