கம்பி காட்டும் வழியில் வடியும் சீழ்

குடல்வால் அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த குழந்தைக்கு ஒரு வாரம் கழித்து மறுபடி காய்ச்சல் அடிக்கிறது. வயிறு வலிக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பேதி போகிறது. ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று பாராசிட்டமால் கொடுத்து நாள் கடத்தக் கூடாது. உள்ளே சீழ் கட்டியிருக்கலாம்.

குடல்வால் வெடித்த பிறகு அறுவை செய்த குழந்தைகளுக்கே இது பெரும்பாலும் வருகிறது. மிகச் சிறு வயதில் எங்கே வலிக்கிறதென்று சொல்லத் தெரியாது. புண்ணான இடத்தைப் போர்த்தி அடைக்கும் கொழுப்புத்திரையும் அவர்களுக்குச் சரியாக வளர்ந்திருக்காது. அதனால் வெடிப்பும் அதிகம், கிருமி பரவுவதும் அதிகம். சிந்திய சீழ் தாழ்வான இடம் தேடி, இடுப்புக்குழியில் மலக்குடலுக்கு முன்னால் தேங்குகிறது. மலக்குடல் உறுத்தப்படுவதால்தான் அந்தப் பேதி.

முன்பு வயிற்றை இரண்டாம் முறை திறந்தார்கள். இன்று சிறிய கட்டி பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக்கிலேயே கரைந்துவிடும். பெரியதென்றால் ஊசித்துளை போதும். இதற்கு அடித்தளமான உத்தியை 1953இல் வெளியிட்டவர் ஸ்வீடனின் கதிரியக்க மருத்துவர் ஸ்வென் இவார் செல்டிங்கர். ரத்தக்குழாய்களைப் படமெடுக்க அவர் கண்டது குழந்தைகளின் வயிற்றுக்கும் உதவுகிறது. மருத்துவத்தில் நான் மிக விரும்பும் கடன்வாங்கல் இது.

குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தி, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே, குடலைத் தொடாமல் சீழுக்குள் ஊசியைச் செலுத்துகிறார்கள். அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை என்பது வளரும் உடலுக்குப் பெரிய ஆறுதல். ஊசி வழியாக மெல்லிய கம்பி போகும். ஊசியை உருவிவிட்டு, கம்பியின் மேலேயே துளையைச் சற்று விரித்து, பிக்டெயில் குழாயை நுழைப்பார்கள். 8 ஃப்ரெஞ்ச் அளவுக் குழாயின் குறுக்களவு 3 மில்லிமீட்டர்கூட இல்லை. உள்ளே போனதும் நுனி பன்றிவாலாகச் சுருண்டுகொள்வதால் எளிதில் நழுவாது. எடுத்த சீழைக் கல்ச்சருக்கு அனுப்பி, கிருமிக்கேற்ற மருந்தைத் தேர்வார்கள். முன்பக்கம் குடல் மறித்தால் மலக்குடல் வழியாகவே வடிப்பதும் உண்டு. வெளியே ஒரு கீறல்கூட இராது.

குழாய் சில நாள் இருக்கும். அடைக்காமலிருக்க சலைன் விட்டு அலசுவார்கள். வடிவது நின்று, காய்ச்சலும் விட்டால் எடுத்துவிடலாம். சீழ் பல அறைகளாகப் பிரிந்திருந்தால் இது போதாமல் லேப்ராஸ்கோப்பி (நுண்துளை அறுவை) தேவைப்படலாம்.

அறுவைக்குப் பிறகு குடல் ஒட்டிக்கொண்டு அடைபடுவது வேறொரு சிக்கல். மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் வரும். முதலில் மூக்குக்குழாய் போட்டு, குடலுக்கு ஓய்வு கொடுத்துப் பார்ப்பார்கள். விடுபடாவிட்டால், தகுந்த குழந்தைகளுக்கு அந்த ஒட்டையும் லேப்ராஸ்கோப்பியிலேயே பிரிக்கலாம். வயிறு உப்பி, வாந்தி பச்சையாக வந்தால் அன்றிரவே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.