குணமடைந்தோர் என்னும் கணக்கு

கோவிட் தொற்றினால் ஏற்பட்ட சர்வதேச சுகாதார நெருக்கடி முடிந்தது என்று 2023-ம் வருஷம் மே மாதம் 5-ந் தேதி உலக சுகாதார ஸ்தாபனத்தார் அறிவித்தனர். வியாதி ஒழிந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. ஆயினும் நம் ஜனங்களும் நம் சர்க்கார்களும் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டனர். அந்நாட்களில் தினந்தோறும் வெளியான அறிக்கைகளை நேயர்கள் மறந்திரார். தொற்றியவர் இத்தனை, மாண்டவர் இத்தனை, குணமடைந்து வீடு திரும்பியவர் இத்தனை என்று பத்தி பத்தியாகக் கணக்குக் காட்டினார்கள். மாண்டவர் பத்தியில் தமிழ்நாட்டில் மட்டும் 38,000-க்கு மேற்பட்டோர் உள்ளனர். அத்துயரம் வேறு. இன்று நாம் பேச விரும்புவது கடைசிப் பத்தியைப் பற்றி. அதில் எழுதப்பட்டோர் அனைவரும் குணமடைந்தவர்தாமா?

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்வோர் மரக்காணத்தருகே வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல்களைக் கண்டிருப்பார்கள். அக்குவியல் எழும் விதத்தைக் கண்டவர் சிலரே. தை மாதத்தில் பாத்திகளைச் செப்பனிட்டு, மண் இறுகும்வரை காலால் மிதித்து, உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிக் காயவிட்டு, உப்புப் பூத்தபின் பலகையால் வாரி வரப்பில் சேர்க்க வேண்டும். அங்கிருந்து பெண்கள் தலைச்சுமையாக அம்பாரத்துக்குக் கொண்டு செல்வார்கள். வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டுமென்று விடியுமுன்னரே வேலை தொடங்கிவிடும். ஐப்பசி மழை வந்தால் எல்லாம் நின்றுபோம். இத்தொழிலில் முதல் என்பது சரீரம் ஒன்றே. உடம்பு நின்றால் கூலியும் நின்றுவிடும்.

அந்த உடம்பைத்தான் நீண்ட கோவிட் என்று இன்று பெயர் பெற்றிருக்கும் நோய் பற்றுகிறது. தொற்று உண்டாகி மூன்று மாதத்திற்குப் பின்னும் களைப்பு, மூச்சிரைப்பு, நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை, சிந்தை மந்தம் முதலியவை விடாது நிற்பதே அதன் லக்ஷணம். இவற்றுள் உழைப்பாளிக்குக் கொடியது ஒன்று உண்டு. வேலை செய்யும் சமயத்தில் உடம்பு எப்படியோ தாங்கிவிடும். ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து முற்றிலும் சாய்ந்துவிடும். ஹாலந்து தேசத்து வைத்தியர்கள் இந்நோயாளிகளைச் சைக்கிள் மிதிக்கச் செய்து, மிதிப்பதற்கு முன்னும் பின்னும் தொடைத் தசையின் துணுக்கை எடுத்துச் சோதித்தனர். உழைப்புக்குப் பின் தசையே சேதமுறுவதையும், அதன் சக்தி உற்பத்தி குன்றுவதையும் 2024-ல் வெளியிட்டனர். ஆகவே திங்கட்கிழமை சுமை தூக்கியவர் புதன்கிழமை எழுந்திருக்க முடியாமற் போனால் அதைச் சோம்பல் என்று மேஸ்திரி ஏசுவது அறியாமை.

இன்னொரு விசித்திரமும் உண்டு. எழுந்து நின்றவுடன் நாடி படபடவென்று ஓடும் நோயாளிகளில் சிலருக்கு நீரும் உப்பும் அதிகம் சேர்த்துக்கொள்ளும்படி வைத்தியர்கள் சொல்கின்றனர். (ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தாமாக இதைச் செய்யலாகாது.) உப்பின் நடுவே நிற்பவருக்கு உப்பே மருந்தாகலாம், ஆனால் அவர் நிற்கும் வெயில் அந்நோயை வளர்க்கிறது.

இதற்கு உறுதியான மருந்து இன்னும் அகப்படவில்லை. சக்தியை அளந்து செலவிடுக, களைப்பதற்கு முன்பே ஓய்வு கொள்க என்பதே வைத்தியர் கூறும் யோசனை. மாதச் சம்பளக்காரர் விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டு இதைச் செய்யலாம். நாட்கூலிக்காரர் செய்வதெங்ஙனம்? ஓய்வு கொண்டால் பட்டினி, ஓயாவிட்டால் நோய் முற்றுதல். இரண்டுக்கும் நடுவே கடன் நுழைகிறது. உலகெங்கும் ஏறத்தாழ 40 கோடிப் பேரை இந்நோய் தொட்டிருக்கிறதென்றும், வருஷத்துக்கு ஒரு லக்ஷம் கோடி டாலர், அதாவது உலகப் பொருளாதாரத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு, இதனால் நஷ்டமாகிறதென்றும் 2024-ல் நிபுணர்கள் மதிப்பிட்டனர். பெருந்தொகைதான். ஆனால் வாரத்தில் ஆறு நாள் கூலி நான்கு நாளாகக் குறைந்த வீட்டில் அந்த நூற்றுக்கு ஒன்று என்பது நூற்றுக்கு முப்பத்துமூன்றாகி விடுகிறதே!

நீதிஸ்தலங்களில் பழகிய நமக்கு ஒரு விஷயம் தெரியும். பத்திரம் இல்லாத வழக்கு பாதி தோற்ற வழக்கு. 2021-ம் வருஷம் இரண்டாம் அலை வீசியபோது கிராமங்களில் பரிசோதனை செய்துகொள்ளாமலே கபசுரக் குடிநீரைக் குடித்துப் படுத்து எழுந்தவர் அநேகர். அவர்கள் தொற்றியவர் பத்தியிலும் இல்லை, குணமடைந்தோர் பத்தியிலும் இல்லை. இன்று மூச்சிரைக்கிறது என்று வந்தால், கோவிட் வந்ததற்குச் சான்று எங்கே என்று கேட்பது எளிது. ஆனால் உலக சுகாதார ஸ்தாபனம் 2021 அக்டோபரில் வகுத்த லக்ஷணத்திலேயே, தொற்று நிச்சயமாகியிருக்க வேண்டும் என்பதில்லை. தொற்றியிருக்கக்கூடும் என்று கருத இடமிருந்தாலே போதும். அமெரிக்க விஞ்ஞானக் கழகத்தார் 2024-ல் பரிசோதனைச் சான்று வேண்டியதில்லை என்று வெளிப்படையாகவே கூறிவிட்டனர். வைத்திய சாஸ்திரம் கேட்காத பத்திரத்தை நம் உத்தியோகஸ்தர்கள் மட்டும் கேட்பானேன்?

இத்தகைய அனுபவம் நமக்குப் புதிதுமன்று. 2006-ல் சிக்குன்குனியா பரவியபோது காய்ச்சல் சில நாளில் விட்டது. மூட்டு வலியோ பலரை மாதக்கணக்கில் முடக்கிற்று. அதை எவரும் பொய் என்று சொல்லவில்லை. நடையைக் கண்டே ஊரார் அறிந்தனர். களைப்பு கண்ணுக்குத் தெரியாததால் அதற்குச் சாக்ஷி இல்லை.

செய்ய வேண்டியதோ பெரிதல்ல. 2021 ஆகஸ்டு முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின் கீழ் சர்க்கார் ஊழியர்கள் வீடு தேடிச் சென்று நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து கொடுத்து வருகின்றனர். அதே வாசலில், 2021-க்குப் பிறகு வேலை செய்யும் சக்தி குறைந்ததா, உழைத்த மறுநாள் படுக்க நேர்கிறதா, வாரத்தில் எத்தனை நாள் கூலி போயிற்று என்று கேட்டு எழுதிக்கொண்டால் போதும். ஆம் என்போரை ரத்தசோகையா, காசநோயா, நீரிழிவா என்று முதலில் சோதிக்க வேண்டும். எல்லாக் களைப்பும் கோவிட் ஆகாது. எஞ்சியவர்க்குச் சுமை தூக்கும் வேலையை விடுத்து இலேசான வேலை தருவதும், இழந்த நாட்களுக்கு ஒரு பகுதியேனும் ஈடு செய்வதும் நியாயம். உப்பளத்தாருக்கு மழைக்காலத்தில் 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கும் சர்க்காருக்கு இது கைகூடாத காரியமன்று.

அந்த நிவாரணப் பட்டியலே உதவும். ஐப்பசி, கார்த்திகையில் உப்பளத்தார் வீட்டிலிருப்பார்கள். தை பிறந்து பாத்தியில் மீண்டும் கால் வைக்குமுன் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மரக்காணம் முழுவதும் விசாரித்து முடித்துவிடலாம். விழுப்புரம் ஜில்லா சுகாதார உத்தியோகஸ்தர்கள் கவனிப்பார்களாக.