கறுப்பாக இருக்கும் வரைதான் மின்சாரம்

"மொட்டைமாடியில் சூரியத் தகடு போடலாமா, அல்லது பெராவ்ஸ்கைட் என்று புதிதாக வருகிறதாமே, அதற்காகக் காத்திருக்கலாமா?" என்று நம் புனே சங்கத்து அன்பர் ஒருவர் சென்ற மாதம் கேட்டார். ஓய்வுபெற்ற பணத்தைப் போடப் போகிறவர். ஆகவே சற்று விவரமாகவே எழுதுகிறேன்.

பெராவ்ஸ்கைட் என்பது 1839-ல் ரஷ்யாவின் யூரல் மலையில் கண்டெடுத்த ஒரு கனிமத்தின் பெயர். அதே படிக அமைப்பில் செயற்கையாகச் செய்த பொருளைக் கொண்டு 2009-ல் ஜப்பானில் மியாசாகா குழுவினர் மின்கலம் அமைத்தனர். விழுந்த வெயிலில் 3.8 சதவீதமே மின்சாரமாயிற்று. இன்று ஆய்வுக்கூடங்களில் அது 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சிலிக்கானை 1,400 டிகிரிக்கு மேல் உருக்க வேண்டும். இதையோ கரைசலாகக் கண்ணாடிமேல் பூசி, மிதமாகச் சூடாக்கினால் போதும். மலிவாகும் என்ற நம்பிக்கை அதனால்தான்.

குறை அதன் ஆயுளில் இருக்கிறது. இவ்வகைக் கலங்கள் பலவற்றில் மெதிலம்மோனியம் போன்ற கரிமப் பொருள் உண்டு. ஈரமும் சூடும் பட்டால் அது சிதைந்து ஆவியாகிவிடும். நம் கோடையில் தகட்டின் சூடு 60 டிகிரியைத் தாண்டுவது சகஜம். எனவே கரிமத்தை நீக்கி, சீசியம் என்ற உலோகத்தை வைத்துப் பார்த்தார்கள். சீசியம், ஈயம், அயோடின் சேர்ந்த இப்பொருள் 300 டிகிரியிலும் சிதையாது.

ஆனால் வேறொரு தொல்லை முளைத்தது. சுமார் 320 டிகிரிக்கு மேல் இது கறுப்பாக இருக்கும். வெயிலை நன்றாக உறிஞ்சும். அறைச் சூட்டுக்கு வந்ததும் மஞ்சளாக மாறிவிடும். மஞ்சளானால் மின்கலத்துக்கு உதவாது. படிகக் கூட்டுக்குள் சீசியம் அணு சற்றுச் சிறிதாக இருப்பதால் அந்தக் கூடு நிலைப்பதில்லை. காற்றின் ஈரம் இந்த மாற்றத்தை விரைவுபடுத்தும்.

கறுப்பைக் காப்பாற்றப் பல வழிகள் கண்டிருக்கிறார்கள். அயோடினில் ஒரு பகுதிக்குப் புரோமினைச் சேர்த்தால் படிகம் உறுதிப்படும். ஆனால் உறிஞ்சும் ஒளி குறையும். 2016-ல் அமெரிக்க ஆய்வுக்கூடமொன்றில் படிகத்தை நுண்துகள்களாக்கி நிலைநிறுத்தி, 10.77 சதவீதம் எட்டினர். அந்தக் குழுவில் நம் புனே ஐஸர் மாணவரும் இருந்தார் என்பது நமக்குப் பெருமை.

2019-ல் பெல்ஜியத்தில் கண்ட வழி, ரயில்வேக்காரனான எனக்கு உடனே விளங்கியது. பற்றவைத்து நீளமாக்கிய தண்டவாளம் குளிரில் சுருங்கப் பார்க்கும். ஸ்லீப்பரும் ஜல்லியும் விடாமல் பிடித்துக்கொள்ளும். அதேபோல, சூடான படலத்தைச் சட்டென்று குளிரவைத்தால் அது சுருங்க முயலும்; அடியிலுள்ள கண்ணாடி விடாது. அந்த இழுவிசையே கறுப்பு நிலையைப் பூட்டி வைக்கிறது. அதே ஆண்டு வேறொரு குழு, படலத்தின் மேற்பரப்புக் குறைகளைக் கோலின் அயோடைடால் சரிசெய்து 18 சதவீதத்தைத் தாண்டியது.

எனினும் தகடு தேறவேண்டிய சோதனைகளில் ஒன்று, 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் 1,000 மணி நேரம் தாங்குவது. சிலிக்கான் தகடுகளுக்கு 25 ஆண்டு உத்தரவாதமே தருகிறார்கள். கரிமமில்லாத பெராவ்ஸ்கைட் அத்தனை காலம் மொட்டைமாடியில் வெயிலையும் மழையையும் தாங்கிக் காட்டியதில்லை. அது பிறந்தே அத்தனை ஆண்டு ஆகவில்லை.

அன்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: காத்திருக்க வேண்டாம், சிலிக்கானையே போடுங்கள். இனி யாராவது புதுத் தகடு விற்க வந்தால், எத்தனை சதவீதம் என்பதோடு எத்தனை ஆண்டு என்றும் கேளுங்கள். அதையும் எழுத்தில் வாங்குங்கள்.