அணுவைப் பிடிக்கும் ஆண்ட் கேட்



டிஜிட்டல் லேபில் நாம் எல்லோரும் ஆண்ட் கேட் போட்டுப் பார்த்தவர்கள்தான். இரண்டு இன்புட்டும் 1 என்றால் மட்டுமே அவுட்புட் 1. இதென்ன பிரமாதம் என்று நினைப்போம். ஆனால் அணுக்கருவின் ரகசியத்தை வெளியே கொண்டு வருவதும் இதே தத்துவம்தான்!

யுரேனியம்-235 கரு ஒரு நியூட்ரானை விழுங்கியதும் இரண்டாகப் பிளக்கிறது. துண்டுகளில் நியூட்ரான் அளவுக்கு மீறி இருக்கும். இயற்கையில் அதிகம் கிடைக்கும் பேரியம்-138ல் 82 நியூட்ரான். பிளவில் பிறக்கும் பேரியம்-144ல் 88. இதில் பாதி, சுமார் 11.5 விநாடியிலேயே வேறு தனிமமாகிவிடும். புட்டியில் அடைத்து ஆராய முடியாது.

"கண்ணுக்கும் தெரியல, நின்னும் தொலைக்கல, இன்னதுன்னு எப்பிடிடா சொல்றாங்க?" என்று தறியில் இருந்தபடியே அப்பா கேட்டார். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பதிலும் நான்தான் சொல்லியாக வேண்டும். தாராசுரம் கோயில் பலிபீடத்துப் படிகளைச் சொன்னேன். தட்டினால் படிக்கு ஒரு சுரம் என்பார்கள். கண்ணை மூடினாலும் எந்தப் படி என்று சொல்லிவிடலாம். புதிதாய்ப் பிறந்த கருவும் மிச்ச சக்தியைக் காமாக் கதிராக விட்டுப் படிப்படியாக இறங்கும். பேரியம்-144 கடைசி இரண்டு படிகளில் விடுவது 331, 199 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அதுதான் அதன் சுரம்.

ஆனால் பிளவில் பல நூறு வகைக் கருக்கள் ஒரே சமயத்தில் பிறக்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் ஒரு குரலைத் தேடுவது போலத்தான். இங்கேதான் நம் ஆண்ட் கேட் வருகிறது. திரவ நைட்ரஜனால் குளிர்வித்த ஜெர்மானியம் டிடெக்டர்களைச் சுற்றி வைக்கிறார்கள். ஒன்றில் 199 விழுந்த அதே கணத்தில் மற்றதில் விழுந்ததை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். உடனே 331 தனியாகத் தலை தூக்கும். கூடவே ஜோடித் துண்டும் சிக்கும். மொத்தப் புரோட்டான் 92ல் பேரியத்துக்கு 56 போனால் மிச்சம் 36, அதாவது கிரிப்டான்!

மும்பை டிராம்பேயில் 1960ல் தொடங்கி 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட சைரஸ் உலையின் நியூட்ரான் கற்றையில், நம் நாட்டு விஞ்ஞானிகள் இம்முறையில் அளந்திருக்கிறார்கள்.

எதற்கு இவ்வளவு பாடு? உலையை நிறுத்தினாலும் இந்தக் கருக்கள் சிதைந்து சூடு தந்துகொண்டே இருக்கும். நிறுத்திய உடனே அது முழுத் திறனில் சுமார் 6 சதவீதம். 2011ல் ஃபுகுஷிமாவில் நில நடுக்கம் வந்ததும் உலைகள் ஒழுங்காகவே நின்றன. சுனாமியால் மின்சாரம் போய்க் குளிர்விக்க முடியாமல், இந்தச் சூட்டில்தான் எரிபொருள் உருகியது. கல்பாக்கமும் நம் கடற்கரைதானே? எந்தக் கரு எவ்வளவு பிறக்கிறது, அதன் சக்திப் படிகள் எவை என்று தெரிந்தால்தான் அந்தச் சூட்டைச் சரியாகக் கணக்குப் போட முடியும்.

"அணு விஞ்ஞானமெல்லாம் நமக்கெதுக்குப்பா" என்று ஒதுங்க வேண்டாம். பாபா அணு ஆராய்ச்சி மையம் டிப்ளமோக்காரர்களையும் உதவித்தொகை கொடுத்துப் பயிற்சிக்கு எடுக்கிறது. விளம்பரம் வந்தால் விண்ணப்பம் போடுங்கள். கேட்டும் பல்ஸும் நமக்குத் தெரிந்த சரக்குதான்!