பி.எஸ்.ஏ.: ஒரு சைக்கிள் பாகப் பெயரின் மதிப்பு

தமிழ்நாட்டில் பி.எஸ்.ஏ. என்றால் சைக்கிள். உலகெங்கும் உள்ள சைக்கிள் மெக்கானிக்குகளுக்கோ அது ஒரு மரையின் அளவு. இரண்டும் ஒரே நிறுவனத்திலிருந்து வந்தவை.

பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் நிறுவனத்தை 1861-இல் இங்கிலாந்தின் துப்பாக்கித் தொழிலாளர்கள் சேர்ந்து தொடங்கினர். சாத்திவைத்த மூன்று துப்பாக்கிகளே அதன் சின்னம். ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றில் அப்படியே பொருந்தும்படி இயந்திரத்தில் செய்வது அதன் நோக்கம். 1880-களில் சைக்கிள் தொழிலுக்கு வந்த பிறகு, ஹப் முதலிய பாகங்களைச் செய்து மற்ற தயாரிப்பாளர்களுக்கும் விற்றது.

பெடல் தண்டுகள் இணையும் அச்சைத் தாங்கும் கப்புகள் சட்டத்தின் அடிக்குழாயில் முறுக்கப்படுகின்றன. பி.எஸ்.ஏ. அளவில் இதன் விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. செயின் இருக்கும் வலப்பக்கக் கப்புக்கு இடமரை. மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாமலிருக்கவே இந்த ஏற்பாடு. இத்தாலிய அளவில் இரு பக்கமும் வலமரைதான், அதனால் வலக் கப்பு தளர்வது அதில் பழைய தொல்லை.

ராலே நிறுவனம் வேறு வழியில் சென்றது. தன் நாட்டிங்காம் சைக்கிள்களுக்கு 26 மரை வைத்தது. பழுதானால் அதற்குரிய பாகத்தையே தேட வேண்டும். ஜப்பானின் ஷிமானோ 1980-களில் இதையே இன்னும் நுட்பமாகச் செய்தது. சொடுக்கினால் சரியான பல்சக்கரத்தில் செயின் விழ வேண்டுமானால் கியர் நெம்புகோல், கேபிள், செயின், பல்சக்கரம் எல்லாம் ஒரே தொகுப்பாக இருக்க வேண்டும். இத்தாலியின் கம்பக்னோலோ கேபிளை இழுக்கும் அளவு வேறு என்பதால் இரண்டையும் கலக்க முடியாது. ஒன்றை வாங்கியவர் மற்றதையும் அங்கேயே வாங்குவார்.

பி.எஸ்.ஏ.யின் சைக்கிள் பிரிவு 1957-இல் ராலேக்கு விற்கப்பட்டது. ராலே 1960-இல் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்துடன் இணைந்தது. அதே குழுமமும் முருகப்பா குடும்பமும் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. பெயர்களில் சைக்கிள் செய்தது. பர்மிங்காமைக் கண்டிராத ஊர்களில் எஸ்.எல்.ஆர்., லேடிபேர்ட் வண்டிகள் அந்தப் பெயரைத் தாங்கி ஓடின. சேலம் அம்மாபேட்டை போன்ற நெசவுப் பகுதியில் சுமை ஏற்றி ஓட்டுபவருக்குப் பெயரைவிட, தெருமுனைக் கடையில் பாகம் கிடைக்கிறதா என்பதே முக்கியம்.

2000-க்குப் பிறகு விலையுயர்ந்த பந்தயச் சைக்கிள்கள் பலவற்றில் மரையே இல்லாமல் கப்பை அழுத்திச் செருகும் முறை பரவியது. கிறீச்சொலி பற்றிய புகார்கள் எழுந்தன. சில தயாரிப்பாளர்கள் மரைக்கே திரும்பினர். ஷிமானோவின் பட்டியல்களிலும் அந்த மரை பி.எஸ்.ஏ. என்றே குறிக்கப்படுகிறது.